முத்தத்துக்குப் பிறகு வந்த கரிக்காரன்

இங்கிலாந்தின் பஞ்சாலை ஊரான ஹார்ட்ஷாவில் மேபல் கெர்ஷாவுக்குத் தெரியாத முதுகு கிடையாது. முகத்தைக் காட்டி இது யார் என்று கேட்டால் ஒருவேளை யோசிப்பாள். முதுகைக் காட்டினால் போதும், வீதியின் பெயரோடு சொல்லிவிடுவாள்.

அவள் செய்த வேலை அப்படி. பெவிலியன் தியேட்டரில் டார்ச் விளக்கு காட்டி ஆட்களை இருக்கையில் உட்கார வைக்கும் பெண் அவள்தான். வரும்போது இருட்டு, முகம் தெரியாது. படம் முடியும் நேரத்தில் அவள் திரையின் ஓரமாக, முன்பக்கச் சுவரை ஒட்டி நிற்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் ஊரே பின்கதவை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். அத்தனையும் முதுகு.

ஓடுவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று ராஜா பாட்டு. இன்னொன்று எதிரே இருந்த பெஸ்ஸியின் மீன்கடை.

படம் முடிந்ததும் ராஜா பாட்டு, அதாவது தேசிய கீதம், போடுவார்கள். பாட்டுத் தொடங்கிவிட்டால் நின்ற இடத்தில் நின்றபடி, திரையைப் பார்த்து, அசையாமல் நிற்க வேண்டும். மற்ற தியேட்டர்களில் கடைசி ஆட்டத்துக்கு மட்டும்தான் இந்தப் பாட்டு. பெவிலியன் மேலாளர் ஓப்பன்ஷா பட்டாளத்தில் சார்ஜன்டாக இருந்தவர். அவருக்கு எல்லா ஆட்டத்துக்கும் ராஜா வேண்டும். ஊருக்கு ராஜாவின் மேல் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் பாட்டில் மாட்டிக்கொண்டவனுக்குப் பெஸ்ஸி கடை வரிசையின் வால்தான் கிடைக்கும். அவன் முறை வரும்போது பொரித்த மீன் தீர்ந்து, உருளைக்கிழங்கு வறுவலில் உடைந்த துணுக்குதான் மிஞ்சியிருக்கும். ஆகவே படம் முடிந்த பிறகு ஓடினால் பயனில்லை. முடிவதற்குச் சற்று முன்பே ஓட வேண்டும்.

சற்று முன்பு என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? முத்தத்தை வைத்துத்தான். அமெரிக்கப் படத்தில் நாயகனும் நாயகியும் முத்தமிட்டால் கதை முடிந்தது என்று அர்த்தம். உதடு சேர்ந்ததும் பெவிலியனில் இருக்கைகள் படபடவென்று மடங்கும். அமெரிக்கக்காரன் ஒரு தடவையும் ஊரை ஏமாற்றியதில்லை.

இங்கிலாந்துப் படங்களில்தான் தகராறு. நம் ஆட்கள் முத்தத்தை நடுவிலேயே எங்கேயாவது கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு தேநீர் குடிப்பார்கள், வக்கீலைப் பார்க்கப் போவார்கள், காணாமல் போன குடையைத் தேடுவார்கள். ஊர் அதற்கெல்லாம் காத்திருக்குமா? முத்தம் விழுந்ததும் எழுந்தது, ஓடியது. கடை வரிசையில் நின்றுகொண்டு, இங்கிலாந்துப் படம் என்றாலே அரைகுறை, தலையும் கிடையாது வாலும் கிடையாது என்று தீர்ப்பும் எழுதிவிட்டது.

அந்த வருடம் இந்தத் தீர்ப்பு முன்னைவிடச் சூடாக இருந்தது. போர் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அரசாங்கம் அமெரிக்கப் படங்களின் மேல் பெரிய வரியைப் போட, இனிமேல் புதுப் படமே அனுப்பப் போவதில்லை என்று அவர்கள் முறுக்கிக்கொண்டார்கள். பெவிலியனுக்கு வந்ததெல்லாம் பழைய அமெரிக்கப் படம், இல்லாவிட்டால் புதிய இங்கிலாந்துப் படம்.

"அவங்க படத்துல வேலவெட்டி இல்லாதவன் வீட்டுலகூட ஐஸ்பெட்டி இருக்குது. நம்ம படத்துல பிரபு வீட்டுலயே மழ ஒழுகுது. நம்ம வீட்டுல ஒழுகறதப் பாக்கத்தான் நான் காசு குடுக்கணுமா?" என்பார் எலைஜா. பஞ்சாலையில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். பெஸ்ஸியின் வரிசையில் எப்போதும் முதல் ஆள் அவர்தான்.

"பேச்சு இன்னும் மோசம். ஒவ்வொருத்தனும் வாய்க்குள்ள சுடுகிழங்கப் போட்டுக்கிட்டுப் பேசறான். லண்டன்ல எல்லாருமா அப்படிப் பேசறாங்க?" என்பாள் பெஸ்ஸி, எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"முழுசாப் பாத்துட்டுப் பேசுங்க" என்பாள் மேபல்.

"முழுசாப் பாத்தா மீனு கெடைக்குமா தாயி?" என்பார் எலைஜா.

மேபல் பதினான்கு வயதில் பஞ்சாலைக்குப் போனவள். பதினாறாவது வயதில் அம்மா இறந்துபோனாள். அப்போது தம்பி பெர்சி பள்ளிக்கூடத்துப் பையன். அப்பா கடலுக்குப் போனவர், கடலோடு சரி. தம்பிக்குச் சோறு போட்டது, சட்டை தைத்தது, காது கழுவிவிட்டது எல்லாம் மேபல்தான். சனிக்கிழமை மதியம் சிறுவர் ஆட்டத்துக்கு அவன் போக வேண்டும் என்பதற்காகத் தன் மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வாள். ஆலைத் தூசி நெஞ்சைப் பிடித்ததும் டாக்டர் வேறு வேலை பார் என்றார். பெவிலியனுக்கு வந்து சேர்ந்தாள். சீருடைக் காலர் கத்திபோல நிற்கும். டார்ச்சின் கண்ணாடியை வினிகர் போட்டுத் துடைப்பாள். இருட்டில் அவள் காட்டிய இருக்கையில் யாரும் வேறொருவர் மடியில் உட்கார்ந்ததாக வரலாறு கிடையாது.

பெர்சி தச்சு வேலை கற்றுக்கொண்டு லண்டன் பக்கம் போனான். ஒரு படப்பிடிப்புக் கூடத்தில் பொய் வீடுகளுக்கு மெய் ஆணி அடிக்கும் வேலை. ஒருநாள் அங்கே கரி மூட்டை சுமந்து வர வேண்டிய நடிகர், மூட்டையை முதுகில் ஏற்றியதும் மூட்டையோடு உட்கார்ந்துவிட்டார். இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஏணிமேல் நின்றிருந்த பெர்சியைக் கூப்பிட்டு, "தம்பி, இதைத் தூக்குவாயா?" என்றார். பெர்சி தூக்கினான். தூக்கியவன் ஒரு வசனமும் பேச வேண்டியிருந்தது. பேசினான்.

இது ஹார்ட்ஷாவுக்குத் தெரியவந்தது எப்படி என்று கேட்க வேண்டியதில்லை. மேபல் ரொட்டிக்கடையில் சொன்னாள். தேவாலயத்தில் சொன்னாள். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சோடு சொன்னாள். படம் பெவிலியனுக்கு வருகிறது என்று தெரிந்ததும் அடுத்த தெருவுக்குப் போய் மறுபடியும் சொன்னாள்.

படம் திங்கட்கிழமை வந்தது. ஒரு பெரிய மாளிகை. அதன் சொந்தக்காரரான மாமா ஒருநாள் காலையில் காணாமல் போய்விடுகிறார். மருமகளும் ஓர் இளம் டாக்டரும் படம் முழுக்க அவரைத் தேடுகிறார்கள். கிணற்றில் தேடுகிறார்கள், பாரிசில் தேடுகிறார்கள். தேடிக் களைத்துத் தோட்டத்தில் நிற்கும்போது, "என் மாமாவைக் கண்டுபிடிக்கும்வரை என் உள்ளம் அமைதி அடையாது" என்கிறாள் அவள். "அதுவரை என் தோளில் சாய்ந்துகொள்ளலாமே" என்கிறார் டாக்டர். முத்தம்.

இருக்கைகள் படபடத்தன. ஊர் ஓடியது. ஓடிய முதுகுகளுக்குப் பின்னால், யாருமற்ற அரங்கத்தில், பெர்சி மூட்டையோடு நடந்து வந்தான். அவன் வாயைத் திறந்தபோது மேபலின் டார்ச் தானாக எரிந்து, வெளிச்சம் அவள் செருப்பின் மேல் விழுந்தது. அதைத் தவிர வேறு கைத்தட்டல் இல்லை.

கடையில் எலைஜா கேட்டார்: "ஏம்மா மேபல், உன் தம்பி எங்க? கிணத்துக்குள்ள எட்டிப் பாத்தானே மீசக்காரன், அவனா?"

"இல்ல."

"பாரிசுல தொப்பி வித்தவனா?"

"அவனுமில்ல. கடைசியில வர்றான். நீங்கதான் எந்திரிச்சு ஓடிட்டீங்க."

"கடைசியிலதான் முத்தம் குடுத்துட்டாங்களே! அதுக்கப்புறம் அங்க அவனுக்கு என்ன வேல?"

கடை முழுக்கச் சிரிப்பு. பெஸ்ஸி கரண்டியை ஓங்கி, "அது கெடக்கட்டும், அந்த மாமன் என்னய்யா ஆனான்? ஒரு மனுசனத் தொலச்சுப்புட்டுத் தேடாமலே படத்த முடிச்சுட்டானுங்க. அமெரிக்கக்காரன் இப்படிச் செய்வானா? மாமனத் தொலச்சா மாமனத் திருப்பிக் குடுப்பான்" என்றாள்.

மாமா எங்கே இருந்தார் என்று மேபலுக்குத் தெரியும். சொல்லிவிடலாம். சொன்னால் பெர்சியின் வாயிலிருந்து அதைப் பிடுங்கியதுபோல ஆகும். உதட்டைக் கடித்துக்கொண்டு வறுவலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை, முத்தத்துக்கு முன்பே பின்கதவுக்குப் போய்க் கைகளை விரித்து நின்று பார்த்தாள். கூட்டம் அவளையும் சேர்த்துத் தெருவுக்குக் கொண்டுபோய்ப் பெஸ்ஸி கடை வாசலில் இறக்கிவிட்டது. பெஸ்ஸி, "அட, இன்னிக்கு மேபல்தான் மொதல்ல!" என்று ஒரு மீனை எடுத்து நீட்டினாள்.

புதன்கிழமை பெர்சியிடமிருந்து தகவல் வந்தது. சனிக்கிழமை ஊருக்கு வருகிறான். நம் ஜனங்களோடு உட்கார்ந்து படம் பார்க்க வேண்டுமாம்.

நம் ஜனங்கள்! தம்பி அரங்கத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பான். அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருவான். அவனை வளர்த்த ஊர் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மீனுக்கு ஓடும். இதைப் பார்ப்பதற்கா அவன் இரண்டு ரயில் மாறி வருகிறான்?

அன்று மாலை படம் ஓட்டும் அறைக்கு ஏறிப் போனாள். அங்கே கிளெம் இருந்தான். நாற்பது வயதுப் பிரம்மச்சாரி, அமெரிக்கப் படங்களின் அடிமை. இங்கிலாந்துப் படச்சுருளை ஈரத்துணியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்குவான். மேபலின் மேல் அவனுக்கு ஒரு கண் உண்டு. அது மேபலைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும் என்று சொல்வோரும் உண்டு.

"கிளெம், முத்தத்தோட ஒரு ரீல் முடியுதில்ல?"

"முடியுது. அடுத்த ரீல் ரெண்டாவது மெசின்ல. உன் தம்பி அதுல மொத ஆளு. தூரத்துலருந்து நடந்து வர்றான், வந்துக்கிட்டே இருக்கான். அமெரிக்கக்காரனா இருந்தா லாரியில வருவான்."

"ராஜா பாட்டுத் தட்டப் போடறது யாரு?"

"நான்தான்."

"அதக் கடைசியிலதான் போடணும்னு இருக்கா?"

கிளெம் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "மேபல், நீ நெனக்கறது எனக்குப் புரியுது. புரியாத மாதிரி இருந்துக்கறேன். ஓப்பன்ஷா என்னத் தோல உரிச்சுப்புடுவாரு."

"பாட்டு ஓடறப்ப அவரால அசைய முடியுமா?"

கிளெம் வாயில் தேநீர் இருந்தது. அதை விழுங்குவதற்குள் பாதி வெளியே வந்துவிட்டது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தான்.

"சரி. ஆனா எனக்கு ஒரு வார்த்த குடு. அடுத்த அமெரிக்கப் படத்துக்கு நீ என் பக்கத்துல உக்காந்து பாக்கணும். குறை சொல்லாமப் பாக்கணும்."

"உக்காருவேன். கொறை சொல்றது படத்தப் பொறுத்தது" என்றாள் மேபல்.

சனிக்கிழமை மாலை முதல் ஆட்டத்துக்கு, பெர்சியைப் பார்க்க ஏற்கெனவே படம் பார்த்தவர்களும் வந்துவிட்டதில், பெவிலியனில் காலி இடம் இல்லை. பெர்சி புதுக் கோட்டோடு வந்திருந்தான். லண்டன் அவனைக் கொஞ்சம் வெளுப்பாக்கியிருந்ததே தவிர வேறு மாற்றம் இல்லை. மேபல் டார்ச் காட்டி அவனை நடு வரிசையில் உட்கார வைத்தாள்.

"காது கழுவினியாடா?"

"அக்கா, எனக்கு இருபத்தாறு வயசு."

"அதுனாலதான் கேக்கறேன்."

படம் ஓடியது. மாமா தொலைந்தார். கிணறு, பாரிஸ். மேபல் திரையின் ஓரம் நின்றாள். தோட்டம் வந்தது. "என் உள்ளம் அமைதி அடையாது" என்றாள் மருமகள். அரங்கத்தில் கால்கள் செருப்பைத் தேடும் ஓசை கேட்டது. டாக்டர் தோளைக் கொடுத்தார். உதடு சேர்ந்தது.

படபடவென்று இருக்கைகள் மடங்கின. ஊர் எழுந்தது. எலைஜா வழக்கம்போல நடைபாதையில் முதல் ஆளாகக் கோட்டின் ஒரு கையை மாட்டிக்கொண்டே பாய்ந்தார்.

அந்த நொடியில் ராஜா பாட்டு முழங்கியது.

ஓடியவர்கள் ஓடிய மேனிக்கு நின்றார்கள். பிறகு வழக்கப்படி திரையை நோக்கித் திரும்பினார்கள். எலைஜாவின் ஒரு கை கோட்டில், மறு கை காற்றில். ரொட்டிக்கடைக்காரரின் ஒரு கால் நடைபாதையில், மறு கால் முன்னிருக்கையின் மேல். பின்கதவருகே ஓப்பன்ஷா திகைத்துப்போய் விறைப்பாக நின்றார். ராஜா நடுவில் எப்படி வந்தார் என்று அவருக்குப் புரியவில்லை. மாடியைப் பார்த்துக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்த முடியாது. ராஜா பாடிக்கொண்டிருக்கிறார். அவர் முகம் மட்டும் மெல்ல மெல்லப் பீட்ரூட் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

மேபல் அன்றுதான் முதல்முறையாக ஊரின் முகத்தைப் பார்த்தாள். அத்தனை முகமும் ஒரே சமயத்தில், திரை வெளிச்சம் பட்டு, அவளை நோக்கி.

பாட்டு முடியவில்லை. ஆனால் திரையில் படம் தொடங்கிவிட்டது. சத்தம் இல்லாமல், தூரத்தில், மாளிகைப் பாதையில் ஒருவன் முதுகில் மூட்டையோடு நடந்து வந்துகொண்டிருந்தான். சின்ன உருவம். கொஞ்சம் பெரிதானது. இன்னும் கொஞ்சம். தலையில் தொப்பி, முகத்தில் கரி.

முதலில் கண்டுகொண்டது ரொட்டிக்கடைக்காரரின் மனைவி. அவள் வாய் திறந்தது. ராஜாவை நினைத்து மூடிக்கொண்டாள். ஆனால் கண்ணை யாரும் கட்டிப் போட முடியாதே. அவள் கண் நடு வரிசைக்குப் போனது, திரைக்கு வந்தது, மறுபடி நடு வரிசைக்குப் போனது. வரிசை வரிசையாகக் கண்கள் மட்டும் அப்படி ஓடின. தலை ஒன்றும் அசையவில்லை. பெர்சி நடுவில் நின்று, காதுமடல் சிவக்க, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எலைஜாவின் கண் மட்டும் மூட்டையைவிட்டு நகரவில்லை. போன குளிர்காலத்தில் ஊரே கரி இல்லாமல் நாற்காலியை உடைத்து எரித்தது. இது முழு மூட்டை.

பாட்டின் கடைசி ஓசை அடங்கியது. யாரும் மூச்சுவிடுவதற்குள் கிளெம் சத்தத்தைத் திறந்தான். மருமகள் கதவைத் திறந்தாள். பெர்சி தொப்பியைப் பின்னால் தள்ளினான். பெஸ்ஸி கடை வரிசையில் நின்று பேசுவதுபோலவே பேசினான்:

"அம்மா, உங்க கரிக்குழியில ஒரு மனுசன் உக்காந்திருக்காரு. அவர எந்திரிக்கச் சொல்றீங்களா, இல்ல அவரு மேலயே கொட்டிரட்டுமா?"

பெவிலியனின் கூரை பறந்துபோகாமல் இருந்ததற்குக் கட்டியவரைத்தான் பாராட்ட வேண்டும்.

"மாமன்! மாமன் கரிக்குழியில இருக்கான்!"

"நம்ம பேச்சுடா! நம்ம பேச்சப் படத்துல பேசறான்டா!"

"அது நெசக் கரிடா! முதுகு வளையறதப் பாரு! சாக்குக்குள்ள வைக்கோல் இருந்தா அப்படி வளையாது!" இது எலைஜா. கோட்டின் மறு கை இன்னும் காற்றில்தான் இருந்தது.

"உக்காருங்கய்யா, மறைக்குது!"

உட்கார்ந்தார்கள். கிடைத்த இருக்கையில், இருக்கையின் கைப்பிடியில், படிக்கட்டில். மாமா கரிக்குழியிலிருந்து எழுந்து வந்து, கடன்காரருக்குப் பயந்து ஒளிந்த கதையைச் சொன்னார். மருமகள் மன்னித்தாள். எல்லோரும் தேநீர் குடித்தார்கள். ஊர் அத்தனையையும் பார்த்தது. கடைசியில் உண்மையிலேயே படம் முடிந்தபோது, கிளெம் எதற்கும் இருக்கட்டும் என்று ராஜாவை மறுபடி போட்டான். ஊர் எழுந்து நின்றது, முழுசாக. ஒருவரும் ஓடவில்லை.

பாட்டு அடங்கியதும் ஓப்பன்ஷா நடைபாதை வழியாக மேபலை நோக்கி அணிவகுத்து வந்தார். பெர்சி அக்காவுக்கு முன்னால் வந்து நின்றான்.

"ஒரே ஆட்டத்துல ரெண்டு ராஜா பாட்டு!" என்றார் ஓப்பன்ஷா.

"ஆமாங்க" என்றாள் மேபல்.

"நான் இங்க வந்த நாள்லருந்து..." என்று தொடங்கினார். நிறுத்தி, மறுபடி தொடங்கினார். "நான் இங்க வந்த நாள்லருந்து கொட்டாய் நெறைய ஜனம் ராஜாவுக்கு நின்னு பாத்ததில்ல. ஒருத்தன்கூட ஓடலியே!" கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "இனிமே இப்படி நடக்கக்கூடாது. அடுத்த ஆட்டத்துக்கு மட்டும் நடக்கலாம்" என்றார்.

பெஸ்ஸியின் கடையில் அன்று வரிசைக்குத் தலை எது வால் எது என்றே தெரியவில்லை. எலைஜா தன் இடத்தைத் தானே விட்டுக்கொடுத்தார். ஊரில் அது இரண்டாவது அதிசயம்.

"தம்பி, நீ முன்னால வாப்பா. கரி சொமக்கறவனுக்குப் பசிக்கும். ஏன்டா, அந்த மூட்டையில எவ்வளவு இருந்திச்சு?"

"முழுசும்தான். அஞ்சாறு தடவ நடக்க விட்டாங்க."

"படத்துக்குப் போட்ட கரிய அப்புறம் என்ன பண்ணாங்க?"

"இயக்குநர் வீட்டுக்குக் கொண்டு போனாரு."

"அதானே பாத்தேன்" என்றார் எலைஜா.

பெஸ்ஸி ஆகப் பெரிய மீனைப் பெர்சிக்கு வைத்துக்கொண்டே, "இப்பச் சொல்லு மேபல். நம்ம படம் அமெரிக்கப் படத்துக்கு ஈடாகுமா?" என்றாள். கடையே மேபலைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆட்டத்துக்கு முன் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த கிளெமும் காதைத் தீட்டிக்கொண்டான்.

மேபல் யோசித்தாள். அவள் அந்தப் படத்தை வாரம் முழுக்கப் பார்த்தவள்.

"உண்மையச் சொன்னா கிணத்துப் பக்கம் கொஞ்சம் தூக்கம் வரும். பாரிசு வெறும் அட்டை, இவன்தான் ஆணி அடிச்சிருக்கான். அந்த டாக்டருக்கு முத்தம் குடுக்கத் தெரியல. அதுல அமெரிக்கக்காரன அடிச்சுக்க முடியாது." கிளெம் மார்பை நிமிர்த்தினான். "ஆனா அவங்க படத்துல எத்தன வருசம் உக்காந்தாலும் எங்க பெர்சி வரமாட்டான்ல?"

அன்று எல்லோருக்கும் மீன் இருந்தது, சாப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் பழைய அமெரிக்கப் படம் ஒன்று வந்தது. விடுமுறை நாளன்று மேபல் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கிளெம் தன் உதவியாளிடம் மெஷினை விட்டுவிட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஐஸ்பெட்டி வந்தது, நீளமான கார் வந்தது. மேபல் குறை சொல்லவில்லை. கடைசியில் நாயகன் நாயகியை வளைத்துப் பிடித்து, எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாத ஒரு முத்தம் கொடுத்தான். இருக்கைகள் படபடத்தன. ஊர் ஓடியது.

ஆனால் ஐந்தாறு பேர் மட்டும் எழவில்லை. அதில் எலைஜாவும் ஒருவர். மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு, கரிக்காரன் எவனாவது வருகிறானா என்று ராஜா பாட்டு தொடங்கும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.